நடந்தால் பசிக்கிறது

அந்த நடை மிஷினை எங்கே போடுவது என்பதில்தான் முதல் சிக்கல் வந்தது. மாடியில் என் அறையில் போட்டுக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். அங்கே ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், நாலு தென்னை தெரியும். வயரிங் பார்க்க வந்தவர் மாடியில் இருந்த பிளக்குகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பழைய வயரிங்குங்க. இவ்ளோ பெரிய மோட்டார் இழுத்தா தாங்காது" என்று கையை விரித்தார். பெரிய பிளக் வீட்டிலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது. கீழே, அடுப்படிக்கு எதிர்ச்சுவரில், கிரைண்டருக்காகப் போட்டது. கிரைண்டர் மூலைக்குப் போனது. மிஷின் அந்த இடத்துக்கு வந்தது. அப்படித்தான் நான் அடுப்படியைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன்.

எங்களுக்குக் கூத்தாநல்லூர். வீட்டில் நானும் மாமியும் மட்டும். மாமி என்றால் என் மாமியார். கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன், எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அவர் குவைத்தில் இருக்கிறார். வெளிநாட்டுப் பிழைப்புக்கு எங்கள் வீடுகளில் சபுர் என்று பேர். கல்யாணமான வருஷத்திலிருந்தே அவர் சபுரில்தான் இருக்கிறார். நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை லீவு லீவாகக் கூட்டிப் பார்க்கலாம். கூட்டினால் வருத்தமாக இருக்கும் என்பதால் நான் கூட்டுவதில்லை. மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மகன் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான்.

போன தடவை மச்சான் லீவில் வந்திருந்தபோது எனக்குக் காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் கிடந்தது. சாயங்காலம் ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகியது. மன்னார்குடியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "சுகர் எல்லையில நிக்குது. மாத்திரை இப்ப வேணாம். தெனம் நடங்க. சோத்தைக் கொறைங்க" என்றார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். சொன்னதில் கடினமாக ஒன்றும் இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது.

நடக்காதே என்று யாரும் சொல்லவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் நடக்கிறார்கள். புது நகர்ப் பக்கம் காலையில் புர்காவும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாகக் கூட்டமாகப் போவதைப் பார்க்கலாம். ஆனால் எங்கள் தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள். காரியம் இல்லாமல் ஒருத்தி வாசலைத் தாண்டினாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். டாக்டர் சொன்ன மறுநாள் காலையில் நான் புறப்பட்டேன். முதல் வீட்டு வாசலில், "எங்க புள்ள இவ்ளோ காலையில, யாருக்காச்சும் மவுத்தா?" என்று ஏதோ சாவுச் செய்தி என நினைத்துப் பதறினார்கள். இரண்டாவது வீட்டில், "மாமிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாமிக்கே போன் போட்டுவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது மாமி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். திட்டவில்லை.

"ஏம்புள்ள, இவ்ளோ பெரிய வூட்டுல நடக்க எடமா இல்ல?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

அதைக் கேட்டுத்தான் மச்சான் அந்த நடை மிஷினை வாங்கினார். லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் அது வேனில் வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். "இனி நீ எங்கயும் போக வேணாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு அது பெரிய அன்பு. எனக்கும் அது புரிந்தது, அதனால் நானும் சிரித்தேன்.

காலையில் தொழுதுவிட்டு வெறும் வயிற்றோடு மிஷினில் ஏறுவேன். எனக்கு எதிரே மாமி அடுப்பைப் பற்றவைப்பார். எங்கள் வீட்டில் ஒருகாலத்தில் பதினைந்து பேர் சாப்பிட்டார்கள். இப்போது இரண்டு பேர். மாமியின் கைக்கு அது இன்னும் தெரியாது. சட்டிகள் மாறவில்லை, அளவும் மாறவில்லை. நான் நடக்க நடக்க, வெங்காயம் வதங்கும், அதன்மேல் இஞ்சி பூண்டு விழுது விழும், தேங்காய்ப்பால் கொதிக்கும். அந்த வாசனைக்குள் நான் நடந்துகொண்டே இருப்பேன், ஓர் அடிகூட அதன் பக்கம் போகாமல், ஓர் அடிகூட அதைவிட்டு விலகாமல். அலுப்பாக இருக்கிறது என்று போனை மிஷினின் முகப்பில் சாய்த்து வைத்து வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில்தான் கவனித்தேன், நான் பார்ப்பது எல்லாமே சாப்பாட்டு வீடியோ. எங்கோ ஒரு ஊரில் யாரோ பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்ப்பதைப் பார்த்துக்கொண்டே வேர்த்து வடிந்துகொண்டிருந்தேன்.

நடை முடிந்து இறங்கினால் ஓர் அதிசயம் நடக்கும். பசியே இருக்காது. அதுவரை இழுத்த வாசனை அப்போது குமட்டும். தண்ணீர் மட்டும் போதும் என்றிருக்கும். ஆனால் மாமி தட்டோடு தயாராக நிற்பார்.

"பசியாறு புள்ள."

எங்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பேரே அதுதான், பசியாறுவது. பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறியாக வேண்டும்.

"கொஞ்ச நேரம் போகட்டும் மாமி."

"இவ்ளோ நேரம் நடந்திருக்கே. மயக்கம் வந்து வுழுந்தா என் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தட்டில் இடியாப்பம் இருக்கும், பக்கத்தில் ஆட்டுக்கால் பாயா இருக்கும். வேண்டா வெறுப்பாக நாலு வாய் உள்ளே தள்ளுவேன். சரி, இன்றைக்குக் குறைவாகத்தான் சாப்பிட்டிருக்கிறோம் என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி பதினொரு மணி வரைக்கும்தான்.

பதினொரு மணிக்கு வரும் ஒன்றை முதலில் நான் கோபம் என்று நினைத்தேன். வேலைக்கு வரும் பெண்ணிடம் எரிந்து விழுவேன். மகனுக்குப் போன் செய்து, போன வாரம் நடந்த எதற்காகவோ திட்டுவேன். கை லேசாக நடுங்கும். அது பசி என்று தெரியவே எனக்குப் பல நாட்கள் ஆயின. அதுவரைக்கும் என் வாழ்க்கையில் வந்த பசியெல்லாம் வேளை வந்துவிட்டது என்று கடிகாரம் சொன்ன பசி. இது உடம்பு தானாகக் கேட்ட பசி. முதலில் உப்பும் புளிப்பும் கேட்டது. நார்த்தங்காய் ஊறுகாயை வெறும் வாயில் தின்றேன். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பழைய சோற்றைப் பிசைந்து தின்றேன். அது முடிந்ததும் இனிப்பு கேட்டது. எனக்கு இனிப்பு பிடிக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெருநாளைக்குத் தம்ரூட் செய்தால்கூட ஒரு துண்டோடு நிறுத்திவிடுவேன். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுச் சுடுகிற அந்தப் பண்டம் எப்போதும் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு டப்பாவில் இருக்கும். நடக்க ஆரம்பித்த பிறகு என் கை தானாக அந்த டப்பாவைத் தேடியது. தேடும்போது மனசு ஒரு வார்த்தை சொல்லும்: "நடந்தாச்சே."

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. நடக்காத நாளில் பயந்து பயந்து சாப்பிடுவேன், சோறு கரண்டிக் கணக்கில் போகும். நடந்த நாளிலோ, சம்பாதித்துவிட்டு வந்தவள்போல உட்கார்ந்து சாப்பிடுவேன். எங்கள் வீட்டுச் சோறு குத்தகைக்கு விட்ட நிலத்திலிருந்து வருவது. புது அரிசி பொங்கி வடிக்கும்போது வீடே இனிப்பாக மணக்கும். சோற்றைக் குறைங்க என்று டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னால் மாமி, "நம்ம நெலத்து அரிசி புள்ள, கடை அரிசியா இது?" என்பார். நம் நிலத்து அரிசியில் சுகர் இருக்காது என்பது அவர் நம்பிக்கை.

அந்தச் சமயத்தில்தான் மச்சானின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. விருந்து சாப்பிட வேண்டி வரும் என்று தெரிந்து, அன்று காலையில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு நடந்தேன். முன்கூட்டியே கடனை அடைத்துவிட்டதாக நினைப்பு. அதுதான் வினையாகப் போனது. எங்கள் விருந்துகளில் சஹன் வைப்பார்கள். ஒரு பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. சஹனில் தனியாக அளவு என்று ஒன்று கிடையாது. ஒருத்தி கையை நிறுத்தினால் மற்ற மூன்று பேருக்கும் சங்கடம். அவர்களுக்கு எதிரே இருக்கும் நல்ல கறித்துண்டுகளை என் பக்கம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் மச்சானின் அக்கா உட்கார்ந்திருந்தார். லாத்தா என்று கூப்பிடுவேன்.

"நல்லா சாப்புடு புள்ள. நீ எளைச்சுப் போனா ஊருல எங்களைத்தான் கேப்பாங்க. சபுராளி பொண்டாட்டிக்குச் சோறு போடலன்னு."

"டாக்டர் கொறைக்கச் சொல்லியிருக்காங்க லாத்தா."

"டாக்டர் கெடக்காங்க. நாளைக்கு இன்னும் ரெண்டு சுத்து கூட நட."

நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். என் வாய் ஒன்றைச் சொன்னது, கை வேறொன்றைச் செய்தது. காலையிலிருந்து உள்ளே குவிந்திருந்த பசி அந்தத் தாம்பாளத்தைப் பார்த்ததும் அவிழ்ந்துவிட்டது. மற்றவர்கள் கை கழுவப் போன பிறகும் பருப்புத் தால்சாவில் கிடந்த கடைசி மாங்காய்த் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து புர்காவைக் கழற்றும்போது அழுகை வந்துவிட்டது.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சுகர் ஏறியிருந்தது. எடையும்தான். மச்சான் வீடியோ காலில் வந்தார். வேலை முடிந்து வந்த முகம், பின்னால் அடுக்குக் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நடக்கிறியா இல்லியா?"

"தெனம் நடக்கிறேன் மச்சான்."

"அப்ப எப்படி ஏறும்?"

"நடந்தா பசிக்குது."

அவர் சிரித்தார். அது ஒரு பதிலாகவே அவருக்குப் படவில்லை. அம்மாவிடம் போனைக் கொடு என்றார். அந்தப் பக்கம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "அம்மா, நீங்கதான் பாத்துக்கணும். அது என்ன சாப்புடுது, எவ்ளோ சாப்புடுதுன்னு கவனிங்க. உங்களை நம்பித்தான் வுட்டுட்டு வந்திருக்கேன்."

மாமி போனை வைத்தார். பிறகு எழுந்து போய்த் தம்ரூட் டப்பா, சீனி டப்பா, வெல்லம், தேன், பேரீச்சம்பழம், பிஸ்கட் எல்லாவற்றையும் எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாக மாறியது. அதுவரை வேண்டாம் என்றாலும் தட்டை நிரப்பிய அதே கை, இப்போது கேட்டாலும் நிரப்பவில்லை. காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கிண்ணம் சோறு. நான் இன்னும் கொஞ்சம் என்று சொன்னால் அவர் கண் கலங்கும். "தம்பி சொல்லிட்டான் புள்ள, நான் என்ன பண்ண?" என்பார். சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். மிஷினில் நான் நடப்பது மட்டும் நிற்கவில்லை. நடப்பேன், பசிக்கும், அந்தப் பசியோடு அடுத்த நாள் மறுபடி நடப்பேன். மத்தியானம் படுத்தால் தூக்கத்தில் சோறு வரும். வீட்டை விட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே போவது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்ததெல்லாம் சொந்தக்காரர் வீடுகள். அங்கெல்லாம் தட்டு வைத்துவிடுவார்கள். வைத்ததை மாமிக்குப் போனிலும் சொல்லிவிடுவார்கள்.

என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்றை நான் கவனிக்கவில்லை. மாமியும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல வருஷமாக சுகர், காலையும் மாலையும் மாத்திரை. எனக்கு முன்னால் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை. நான் இரண்டு இட்லி தின்றால் அவர் ஒன்று. "எனக்குப் பசிக்கல" என்று எழுந்துவிடுவார். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் நான் நடந்து முடித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டுத்தானே வந்தோம் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ விழுந்த சத்தம். ஈரத்தோடு துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமி அதன் பக்கத்தில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, எல்லாம் வேர்வை. முகம் வெளுத்திருந்தது. அடி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. "மாமி, மாமி" என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் தங்கச்சியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "தண்ணி எடுத்துட்டு வாடி, வெயிலா இருக்கு" என்றார். நாக்கு குழறியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பதினொரு மணிக்கு என் கை நடுங்குவதைத் தினமும் பார்த்தவள் அல்லவா நான்? இது அதே நடுக்கம்தான், பத்து மடங்காக. சீனி வேண்டும் என்று அடுப்படிக்கு ஓடினேன். அங்கே சீனி இல்லை. வெல்லம் இல்லை. தேன் இல்லை. எல்லாம் அலமாரியில் இருந்தது, பூட்டியிருந்தது. திரும்ப ஓடிவந்து மாமியின் முந்தானையைப் பிடித்தேன். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. விரலால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். அலமாரியைத் திறந்து சீனியை அள்ளித் தண்ணீரில் கரைத்து, தலையை என் மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். "குடிங்க மாமி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எதிரே மிஷின் யாரும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்தக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. கண் தெளிந்தது. என்னைப் பார்த்து என் பேரைச் சொன்னார். அப்புறம் உதட்டை நக்கிவிட்டு, "எவ்ளோ சீனி போட்டே? ஒரே இனிப்பா இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"மிஷின்ல ஏன் ஏறுனீங்க?"

"தெனம் நடக்கிறியே, நடந்தா பசிக்குதுங்கிறியே. நெசமான்னு பாத்தேன்."

மன்னார்குடிக்குக் கார் வைத்துக் கூட்டிப்போனோம். லாத்தாவும் வந்தார். டாக்டரம்மா மாமியைப் பார்த்து முடித்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்தார். "மாத்திரையைப் போட்டுட்டு, சாப்புடாம, பழக்கமில்லாம நடந்தா சுகர் சர்ருனு எறங்கிடும். ஆளே போயிருப்பாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் காலையில் எப்படி நடக்கிறேன், பிறகு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பதினொரு மணிக் கோபம், நார்த்தங்காய், தம்ரூட், கல்யாணம், பூட்டு, எல்லாவற்றையும். சொல்லும்போது லாத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்தா பசிக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டரம்மா. "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, உங்களுக்கு இப்படி. பட்டினி கெடந்து நடக்க வேணாம். ஏதாவது கொஞ்சம் சாப்புட்டுட்டு நடங்க. நடந்து முடிச்சதும் ஒரு முட்டையோ சுண்டலோ சாப்புடுங்க, அப்பத்தான் பதினோரு மணிக்கு அலமாரியைத் தேட மாட்டீங்க. அம்மா நீங்க காலையில நடக்கவே வேணாம். சாயங்காலம் ஏதாவது சாப்புட்டுட்டு, மெதுவா, தொணையோட நடங்க."

முதல் தடவையாக ஒருவர் நான் சொன்னதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டார். அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஆனாலும் வீடு திரும்பும் வழியில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காரின் முன்சீட்டில் லாத்தா யார் யாருக்கோ போனில், "மருமவ பட்டினி கெடக்குதுன்னு அம்மாவும் பட்டினி கெடந்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். இதையும் என் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று தோன்றியது.

அன்று மச்சானுக்கு விஷயம் போனதும் அவர் போன் பண்ணினார். "நான் இங்க இருந்துக்கிட்டு என்ன பண்றது?" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கிவிட்டது. அவரும் ஓர் அறையில், ஒரு கட்டிலில், மெஸ்ஸில் வைத்த சோற்றைத் தின்றுகொண்டுதான் இருக்கிறார்.

மாமிக்குத் துணை வேண்டும் என்பதால் நான் வெளியே போக வழி பிறந்தது. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு, ஆளுக்கு ஒரு தோசையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டு, நாங்கள் இருவரும் கிளம்புவோம். முதல் வாரம் முழுக்க நடை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வாசலிலும், "உள்ள வாங்க மாமி, டீ குடிச்சுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். டீயோடு இறால் வாடா வந்தது, கடல்பாசி இனிப்பு வந்தது. மறுத்தால், "ஏன், எங்க வூட்டுல சாப்புட மாட்டீங்களா?" என்று கேட்டார்கள். நடந்து வீட்டுக்கு வந்தால், நடக்காமல் இருந்த நாளைவிட அதிகம் தின்றிருப்போம். பிறகு மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். வாசலில் யார் கூப்பிட்டாலும், "நான் வுழுந்து பொழச்சவ. டாக்டர் நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுவார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் விழுந்து பிழைத்தவரை யாரும் மறிக்கவில்லை.

தெருவைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போனால் ஒரு பக்கம் வயல். சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்தது. காற்று வரும். மாமியின் வேகம்தான் என் வேகம். அவருக்கு மூச்சு வாங்கினால் நானும் நிற்பேன். ஆனால் வெளியே நடந்தால் வரும் பசி வேறு மாதிரி இருந்தது. அதில் கோபம் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு வெள்ளரிக்காய் கிடைத்தால் தேவலை, மோர் கிடைத்தால் தேவலை என்றுதான் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டை பொழுது சாய்ந்து மஃரிப் தொழுததுமே முடித்துக்கொண்டோம். மீன் குழம்பு இருந்தால் மீன் கூடவும் சோறு குறைவாகவும் கையே எடுத்துக்கொண்டது. யாரும் அளக்கவில்லை.

ஒரு நாள் கரையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே மாமி சொன்னார்.

"எனக்குப் பசின்னா என்னன்னே தெரியாது புள்ள. காலையிலேர்ந்து அடுப்புக்கிட்ட நின்னு உப்புப் பாக்குறது, புளிப்புப் பாக்குறது. அதுலயே வயிறு நெறைஞ்சுடும். இந்த வயசுலதான் பசிச்சுச் சாப்புடறேன்."

"நல்லாயிருக்கா மாமி?"

"பயமா இருக்கு" என்றார். "இத்தனை நாளு இந்த ருசி தெரியாம இருந்துட்டோமேன்னு இருக்கு."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது அவருக்கு முழங்கால் வீங்கியது. நடை நின்றது. நான் மறுபடி அடுப்படிக்கு எதிரே நடந்தேன். பழைய பசியும் பழைய எரிச்சலும் இரண்டே நாளில் திரும்பி வந்தன. ஒரு சாயங்காலம் மழை விட்டு வெளுத்திருந்தது. மாமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, "நீ போயிட்டு வா புள்ள. பாலம் வரைக்கும் போயிட்டு ஒடனே வந்துடு" என்றார். நான் புர்காவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசல்களில், "மாமி வரலியா?" என்று கேட்டார்கள். "கால் வலி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மாமியின் வேகம் இல்லாமல் என் காலுக்கு நடக்க விட்டேன். பாலம் சீக்கிரமே வந்துவிட்டது. அங்கே நிற்காமல் அடுத்த வளைவு வரைக்கும் போனேன். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வளைவில் ஒருவர் சைக்கிளில் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். சூடாக ஆவி பறந்தது. பசித்தது. ஒரு பொட்டலம் வாங்கி, மதகுச் சுவர் ஓரமாக நின்று, ஒவ்வொன்றாக உடைத்துச் சாப்பிட்டேன். போதும் என்று தோன்றியபோது நிறுத்தினேன். மிச்சத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் இன்னும் கொஞ்சம் என்று சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு அப்படி ஒரு வாய் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. மஃரிப் பாங்கு கேட்டதும் திரும்பினேன்.

வீட்டில் மாமி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தொழுதுவிட்டு வந்ததும், "ஏன் இவ்ளோ நேரம்? சோறு எடுத்து வைக்கவா?" என்றார்.

"கொஞ்சமா போதும் மாமி. கடலை சாப்புட்டேன்."

"யாரு வூட்டுல?"

"யாரு வூட்டுலயும் இல்ல. ரோட்டுல."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து குழம்பைச் சூடு பண்ணப் போனார்.

அடுத்த நாள் சாயங்காலம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, லாத்தா புர்காவோடு அங்கே நின்றிருந்தார். "அம்மாதான் போன் பண்ணுனாங்க. இனிமே நான் வர்றேன், நீ தனியாப் போவ வேணாம்" என்றார். கையில் ஒரு டிபன் டப்பா இருந்தது. நடந்து முடித்ததும் ஆளுக்கு ஒரு முட்டை சாப்பிட வேண்டும், டாக்டர் சொன்னாரே என்றார். நாங்கள் இருவரும் நடந்தோம். அவருக்கு என்னைவிட வேகம் கம்மி. பாலத்தில் நின்று, உரித்த முட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் கடைசி வாய் விழுங்கும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.